ஆணியில் தொங்கிய பாட்டில்

பாட்டில் கழுவுகிற பட்டறையில் முதல் வேலை தண்ணீருக்கு என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. முதல் வேலை மூக்குக்கு. சாக்கைப் பிரித்துக் கொட்டியதும் ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்து, அதன் வாயை மூக்கருகே பிடித்து, ஒரு மூச்சு இழுத்துப் பார்த்த பிறகுதான் அது தொட்டிக்குள் போகலாம். காரணம் இருக்கிறது. ஜனங்கள் பழரசத்தைக் குடித்துவிட்டுப் பாட்டிலைச் சும்மா வைப்பதில்லை. ஒருவர் அதில் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார். இன்னொருவர் பினாயில். பெயிண்ட் அடிக்கிறவர் வீட்டிலிருந்து வந்தால் கேட்கவே வேண்டாம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உருப்படியான பாட்டிலைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? ஆனால் அப்படிப்பட்ட பாட்டில் ஒன்று, சலவைச் சோடா போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் விழுந்துவிட்டால் போதும். அந்தத் தொட்டியில் கிடக்கும் அத்தனை பாட்டிலிலும் எண்ணெய் மெல்லிய படலமாக ஏறிக்கொள்ளும். வெறும் பாட்டிலில் அது லேசாகத்தான் தெரியும். பழரசத்தை ஊற்றி மூடி வைத்தால் மறுநாள் மூடியைத் திறக்கிறவன் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த முதல் வேலை மூக்கக்காவுடையது. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. இப்போது யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். தெரு முழுக்க அவள் மூக்கக்காதான். பாட்டிலில் கடைசியாக என்ன இருந்தது என்பதை மட்டுமல்ல, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுவாள். இவ்வளவு கூர்மையான மூக்கை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு விஷயத்தில் அதை நுழைக்காமல் இருக்கிற ஒரே பெண்பிள்ளை என்று அவளைக் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

மூக்கும் மற்ற உறுப்புகளைப் போலத்தான், ஓயாமல் வேலை வாங்கினால் மக்கர் பண்ணும். பத்திருபது பாட்டில் பார்த்ததும் எல்லாம் ஒரே வாசனையாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்போது அவள் முழங்கையை மடக்கி, கையின் உள்பக்கத்தை ஒரு முறை முகர்ந்துகொள்வாள். தன் சொந்த உடம்பின் வாசனையில் மூக்கு கழுவினாற்போல ஆகிவிடும். மறுபடியும் பாட்டில். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாகக் கண்டுகொண்டது.

பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டகை. அவள் கணவன் தள்ளுவண்டியில் தெருத்தெருவாகப் போய்ப் பாட்டில் சேர்த்துக்கொண்டு வருவான். கொழுந்தன் தொட்டிக்காரன், அடுப்பும் ஆவியும் அவன் பாடு. அவன் பெண்டாட்டி, அதாவது மூக்கக்காவின் ஓர்ப்படி, லேபிளை உரித்து, கடைசியில் பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பெட்டியில் அடுக்குவாள். ஊறவைத்தாலும் போகாத கோந்தை எடுக்க மண்ணெண்ணெய் நனைத்த துணி வேண்டும். அதற்காக ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், கழுத்தில் கம்பி கட்டி அவள் தலைக்கு மேல் ஆணியில் தொங்கும். எந்நேரமும் அந்தத் துணியைப் பிடித்துப் பிடித்து அவள் கையில் மண்ணெண்ணெய் ஊறிப்போயிருந்தது.

அந்த வீட்டில் எதுவும் வீணாகாது. கடைசியாக அலசிய தண்ணீர் மறுநாள் முதல் அலசலுக்கு. உரித்த லேபிள் அட்டைக்காரனுக்கு. மூடி தகரக்காரனுக்கு. கிழிந்த சாக்கு தைக்கப்பட்டுத் திரும்ப வண்டிக்கு. எல்லாம் கணவனுடைய ஏற்பாடு. ஒரு கிண்ணம் சும்மா கவிழ்ந்து கிடந்தாலும் அதற்கொரு வேலை கண்டுபிடிக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. கல்யாணமான புதிதில் மூக்கக்காவுக்கு இது சிரிப்பாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. இப்போது அவளுக்கும் அதே புத்தி வந்துவிட்டது.

மழைக்காலம் ஆரம்பித்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டில் எல்லோருக்குமே வந்தது. மற்றவர்கள் இருமிவிட்டு எழுந்துவிட்டார்கள். அவள் ஒரு வாரம் படுத்துவிட்டு எழுந்து, டீத் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனபோது அதில் ஒன்றுமே இல்லை. சூடு இருந்தது. இனிப்பு நாக்கில் எங்கோ தொலைவில் இருந்தது. டீ இல்லை. சளி, போய்விடும் என்று நினைத்தாள். சோப்பை முகர்ந்தாள். வெங்காயத்தை நறுக்கி முகர்ந்தாள், கண்ணில் தண்ணீர்தான் வந்தது. கடைசியில் யாரும் பார்க்காத நேரத்தில் பினாயில் டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளேயே வைத்தாள். காற்று வந்தது, போனது. அவ்வளவுதான்.

சொல்லியிருக்கலாம். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பாள். ஆனால் கழுவிய பாட்டில்களை வாங்கிப் பழரசம் அடைத்து விற்கிற பழரசக்காரர் இவர்களுக்கு வேலை கொடுத்ததே அந்த மூக்கைப் பார்த்துத்தான். இவர்களுக்கு முன்னால் கழுவிக் கொடுத்தவர்கள் நாறும் பாட்டிலாக அனுப்பிக் கெடுத்திருந்தார்கள். அவர் ஒரு நாள் நேரில் வந்து, அவள் பாட்டில் பார்க்கிற அழகைச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, இந்த மூக்கை நம்பித்தான் தருகிறேன் என்று சொல்லிப் போனார். நான்கு பேர் சாப்பாடும் வீட்டு வாடகையும் அந்த மூக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. அது போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்கு வந்துவிடும், நாளன்னைக்கு வந்துவிடும் என்று தள்ளிப்போட்டாள். வரவில்லை.

வேறு யாரும் அந்த இடத்தில் உட்கார முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். கணவன் ஓயாமல் புகைக்கிற ஆள். கொழுந்தனின் மூக்கைச் சோடா ஆவி தின்றுவிட்டது. ஓர்ப்படி ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று எழுந்து போனவள்.

ஆகவே மூக்கக்கா நடித்தாள். பாட்டிலை எடுப்பாள், மூச்சை இழுப்பாள், முகத்தைச் சுளிப்பாள் அல்லது சுளிக்காமல் இருப்பாள். உண்மையில் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு பிசுக்கு, அடியில் ஒரு கறை, வெளிச்சத்தில் வானவில் மாதிரி ஒரு மினுக்கல், எது தெரிந்தாலும் கழிசலுக்குத் தூக்கிப் போட்டாள். சந்தேகம் வந்தாலே போட்டாள். சந்தேகம் வராமலும் போட்டாள், ஏனென்றால் பயந்தவளுக்குச் சந்தேகத்துக்கா பஞ்சம். கொட்டகைக்குப் பின்னால் கழிசல் குவியல் ஏறிக்கொண்டே போனது. அது நிறைந்ததும் உடைசல் லாரி வரும், உடைத்து அள்ளிக்கொண்டு உருக்குகிற இடத்துக்குப் போகும்.

கணவன் இரண்டு முறை கேட்டான். இப்போதெல்லாம் ஜனங்கள் கண்டதையும் ஊற்றி வைக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். கழுவினால் தீர்கிற பாட்டிலை எதற்கு உருக்க வேண்டும், உருக்குகிற நெருப்பு மட்டும் சும்மாவா வருகிறது என்று அவன் குவியலைப் பார்த்து முணுமுணுத்தான். ஆனால் அவள் மூக்கைக் கேள்வி கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை. அதைவிட, அப்படி ஒரு எண்ணமே அவனுக்கு வரவில்லை. அதுதான் அவளை இன்னும் வாட்டியது.

இதற்கிடையில் வீட்டில் ஒரு நாள் பால் தீய்ந்தது. அடுப்புக்கு எதிரிலேயே நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓர்ப்படி கொட்டகையிலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். மூக்கக்கா ஏதோ யோசனையில் இருந்ததாகச் சொன்னாள். ஓர்ப்படி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக் கரி தேய்க்கப் போனாள். அதற்குப் பிறகு சமையலை அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள், காரணம் எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு வேதனையும் இருந்தது, யாரிடமும் சொல்ல முடியாதது. தன்மேல் என்ன வாசனை அடிக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலை செய்கிற உடம்பு, மழையில் காயாத துணி. பக்கத்தில் யாராவது வந்தால் ஒதுங்கி நின்றாள். காலையிலும் மாலையிலும் தோல் எரிகிற வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கணவன் பக்கத்தில் படுக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பழரசக்காரர் வந்தது ஒரு தூறல் நாளில், முற்பகலில். அவர் அப்படித் தானாக வருகிறவர் அல்ல. இவர்கள் அனுப்பிய பெட்டிகளில் பாதி அவர் வண்டியில் திரும்பி வந்திருந்தது. ஒரு காலிப் பாட்டிலை மட்டும் கையில் தனியாகப் பிடித்திருந்தார். பெரிய குரலில் பேசுகிற மனிதர் இல்லை. அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினார். ஊற்றி வைத்த பழரசம் ஒரு நாளைக்குரியது மொத்தமும் கொட்ட வேண்டியதாகிவிட்டது, எல்லாவற்றிலும் லேசாக நாற்றம், இந்த ஒன்றில் மட்டும் வாய்க்குக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை என்றார்.

கணவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. தங்கள் பட்டறையிலிருந்து அப்படிப் போக வழியே இல்லை என்று சாதித்தான். என்ன நாற்றம் என்று பழரசக்காரர் சொல்ல வாயெடுத்ததும் கையைக் காட்டித் தடுத்தான்.

"நீங்க சொல்லாதீங்கய்யா. அவகிட்ட குடுங்க. என்ன நாத்தம், எங்கேர்ந்து வந்ததுன்னு அவளே சொல்லுவா."

மூக்கக்கா கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். நாலு பேரும் அவளையே பார்த்தார்கள். பாட்டிலை வாங்கி மூக்கருகே பிடித்து மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. தூறலின் ஈரக் காற்று குளிர்ந்து உள்ளே போனது. இன்னொரு முறை இழுத்தாள். அப்போது அவள் கட்டைவிரல் பாட்டிலின் கழுத்தில் ஓர் இடத்தில் நின்றது. சுற்றிலும் மெல்லிய சொரசொரப்பு, துருவின் நிறத்தில் ஒரு வளையம். கம்பி கட்டியிருந்த தடம். நிமிர்ந்து ஆணியைப் பார்த்தாள். அங்கே பாட்டில் இல்லை. ஒரு தகர டப்பா தொங்கிக்கொண்டிருந்தது.

"மண்ணெண்ணெய்" என்றாள்.

"பாத்தீங்களா?" என்று கணவன் பழரசக்காரரைப் பார்த்தான். அந்த நிலைமையிலும் அவன் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

பழரசக்காரர் தலையாட்டினார். மண்ணெண்ணெய்தான். பிறகு, குத்திக்காட்டுகிற மாதிரி இல்லாமல், நிஜமாகவே புரியாத மாதிரி கேட்டார்.

"இப்பத் தெரியுதே தங்கச்சி. அன்னிக்கு ஏன் தெரியாமப் போச்சு?"

அவள் பாட்டிலின் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தாள். கணவன் ஒரு பதிலைக் கண்டுபிடித்தான். பட்டறையில் மண்ணெண்ணெய் புழங்குவது ஒருத்தியிடம்தான். தம்பி பெண்டாட்டியிடம் அவன் நேராகப் பேசுகிற வழக்கமில்லை, அதனால் தம்பியிடம் திரும்பினான்.

"டேய், உன் பொண்டாட்டியைக் கேளு. மோந்து பாத்ததுக்கு அப்புறம் அவ ஏதாவது ஒரு பாட்டில்ல மண்ணெண்ணெயை ஊத்திப் பெட்டியில வெச்சாளான்னு கேளு."

கொழுந்தன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் துணியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வாய்க்காரி. ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள். அன்றைக்கு ஆணியில் தொங்கும் டப்பாவைப் பார்த்தாள், பிறகு மூக்கக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வை குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. சும்மா காத்திருக்கிற பார்வை. அதைத் தாங்க முடியவில்லை.

"அவளை ஏன் கேக்கறீங்க" என்றாள் மூக்கக்கா. "யாரு போட்டாலும் என்னைத் தாண்டித்தானே தொட்டிக்குப் போகணும். என் கைப்பட்டுத்தான் போயிருக்கு. எனக்கு மூக்கு போயிடுச்சுங்க. காய்ச்சல்ல போனது. இன்னும் வரல."

கணவன் அவள் ஏதோ வேடிக்கையாகச் சொன்ன மாதிரி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டான்.

"இப்ப மண்ணெண்ணெய்னு சொன்னியே?"

"கழுத்துல கம்பித் தடம் இருக்கு. கைக்குத் தெரிஞ்சுது. மூக்குக்குத் தெரியல."

அவன் பாட்டிலை வாங்கித் தடவிப் பார்த்தான். ஆணியைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு யாரிடம் என்றில்லாமல் மெதுவாகச் சொன்னான்.

"டப்பாவை மாட்டினது நான்தான். பெட்டியில ஒண்ணு குறைஞ்சுது. இவ்வளவு நல்ல பாட்டிலு, கம்பியைக் கட்டி ஆணியில தொங்கவிட்டு வெச்சிருக்காங்களேன்னு… எண்ணெயை டப்பாவுல ஊத்திட்டு, பாட்டிலைக் கழட்டித் தொடச்சு, மோந்து பாக்கறதுக்கு இருக்கற சாக்குமூட்டைக்குள்ள போட்டேன். எப்படியும் நீ பாத்துருவேன்னு. மண்ணெண்ணெய் வாடை இன்னும் இருந்தா நீ கழிச்சிருவ, கழிக்கலைன்னா நல்ல பாட்டிலு. அப்படி நெனச்சேன்."

வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. வேறு வீட்டில் ஒரு பாட்டில் ஆணியில் தொங்கினால் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும்.

பழரசக்காரர் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். கோபப்பட்டுவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை. அவர் களைத்துப்போய் இருந்தார். அவருடைய மகன் கொஞ்ச காலமாகவே பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருப்பது இவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். குடித்துவிட்டு வீசிவிட்டுப் போகட்டும், கழுவவும் வேண்டாம், முகரவும் வேண்டாம் என்பது பையனின் கட்சி. அப்படி வீசினது எங்கே போகும் என்று அப்பா கேட்பாராம், அதை ஏன் நாம் யோசிக்க வேண்டும் என்று பையன் கேட்பானாம். நேற்றைக்கு அந்தப் பழரசத்தைச் சாக்கடையில் கொட்டும்போது பையன் பக்கத்தில் நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் தாங்கவில்லை என்றார்.

"திங்கக்கிழமை எனக்குப் பாட்டில் வேணும். எப்பவும் குடுக்கறதுல பாதி குடுத்தாலும் போதும். ஆனா நாறக் கூடாது. அதுவும் வரலைன்னா, அவனைத் தடுக்க என்கிட்ட பேச்சு இல்லப்பா. நீங்க யாரை வெச்சு மோந்து பாப்பீங்களோ, எனக்குத் தெரியாது."

எழுந்தவர் வாசலில் நின்று மூக்கக்காவைப் பார்த்தார். டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டார். இல்லை என்றாள். காட்டு என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளில் மூக்கை ஒரு வேலைக்கான சாமானாக நினைத்துப் பயந்தாளே தவிர, தன் உடம்பில் ஒன்று போய்விட்டது என்று அவள்கூட நினைக்கவில்லை.

திரும்பி வந்த பெட்டிகளை மீட்க முடியாது என்றில்லை. மூன்று தடவை தண்ணீர் மாற்றிக் கொதிக்க வைக்க வேண்டும், அது திங்கட்கிழமைக்குள் நடக்கிற காரியமில்லை. மழையில் கணவன் வண்டி தள்ளிப் புதிதாகச் சேர்ப்பதும் நடக்காது. மூக்கு போனதைப் பற்றி அவன் கேட்பான், திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கேட்டது வேறு.

"அப்ப பின்னாடி கெடக்கறது?"

"பாதிக்கு மேல நல்லதாத்தான் இருக்கும்" என்றாள்.

"நல்ல பாட்டிலையா போட்ட?"

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. தின்கிற சோற்றைக் குப்பையில் கொட்டினாயா என்று கேட்கிற மாதிரி கேட்டான். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பயமாக இருந்தது என்றாள். அவன் பீடியைப் பற்ற வைக்க எடுத்து, பற்ற வைக்காமல் காதில் செருகிக்கொண்டு பின்பக்கம் போனான். குவியலைச் சுற்றி நடந்து பார்த்தான். உடைசல் லாரிக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை என்பதே அப்போதைக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் திங்கட்கிழமைக்கு ஆகிவிடும் என்றான். யார் பார்ப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை.

கொழுந்தன் கெட்டுப்போன தொட்டியைக் காலி செய்து உள்ளே இறங்கித் தேய்க்க ஆரம்பித்தான். பெண்கள் இருவரும் வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். ஓர்ப்படி, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்குத் தெரியும்க்கா."

"பால் தீய்ஞ்சப்பவா?"

"அதுக்கு முன்னாடியே. நீங்க கையை மோந்துக்கறதே இல்ல."

மூக்கக்காவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். மூச்சு இழுப்பது, முகம் சுளிப்பது, கழிசலுக்கு வீசுவது என்று எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நடித்தவள், நடுநடுவே முழங்கையை முகர்வதை மறந்துபோயிருந்தாள். எதையும் அறியாத மூக்குக்குச் சலிப்பு ஏது.

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்த?"

"சொன்னா என்னை உக்கார வெப்பாங்கன்னுதான்." ஓர்ப்படி அதை மறைக்கவில்லை. "காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் ஊர்ல இருக்கறவன் நாத்தத்தையெல்லாம் உள்ளே இழுக்கற வேலை. என்னால ஆகாது. நீங்க சமாளிச்சிட்டிருந்தீங்க, சரி, சமாளிக்கட்டும்னு விட்டுட்டேன். அன்னிக்கு வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கும்போது எனக்கும் கொஞ்சம் நாத்தம் வந்துதுக்கா. என் கையிலதான் அடிக்குதுன்னு நெனச்சேன். இதுல எப்பவும் அடிக்குமே."

அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். மூக்கக்காவுக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும். ஒருத்தி பயத்தில் மறைத்தாள், இன்னொருத்தி அலுப்பில் மறைத்தாள், இரண்டும் ஒரே தொட்டியில்தான் வந்து விழுந்தது.

சாப்பிட்டதும் ஓர்ப்படி யாரும் சொல்லாமலே கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பிறகு பின்பக்கம் போய்க் குவியலுக்கு எதிரில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். இது திங்கட்கிழமை வரைக்கும்தான், காலமெல்லாம் என்னை உட்கார வைக்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு மூத்தாரான மூக்கக்காவின் கணவன் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். அவனும் தம்பியைப் பார்த்து, சரி என்று சொல்லு என்றான்.

மூக்கக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் கொடுத்தாள். ஓர்ப்படி முகர்ந்து, நல்லது என்றால் இடப்பக்கம் வைத்தாள். வினிகர் என்றாள், வலப்பக்கம். பினாயில், வலப்பக்கம். பிறகு இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. அந்த ஒவ்வொரு ஒன்றுமில்லையும் மூக்கக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. தான் வீசிய பாட்டில். கொஞ்ச நாள் போயிருந்தால் தூளாகியிருக்கும். கணவன் இடப்பக்கத்திலிருந்து அள்ளி அள்ளித் தொட்டிக்குக் கொண்டுபோனான். ஒரு முறை அவள் தோளைத் தொட்டுக்கொண்டு குனிந்தான். வேண்டுமென்றே தொட்டானா, பிடிமானத்துக்குத் தொட்டானா தெரியவில்லை. அவள் சட்டென்று உடம்பை ஒடுக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஓர்ப்படி ஒரு பாட்டிலை முகர்ந்துவிட்டுத் தயங்கினாள். மறுபடி முகர்ந்தாள். அடுத்ததை எடுத்தாள், அதற்கும் தயங்கினாள்.

"எல்லாமே மண்ணெண்ணெயாத் தெரியுது" என்றாள். "மூக்கு நின்னுபோச்சுக்கா."

"கையை மோந்துக்கோ. முழங்கைக்கு உள்பக்கம்."

ஓர்ப்படி முழங்கையை மடக்கி முகர்ந்தாள். முகத்தைச் சுளித்து எடுத்துக்கொண்டாள். அங்கேயும் அதே மண்ணெண்ணெய்தான். எத்தனை சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அவளுக்குச் சொந்த வாசனை என்று ஒன்று மிச்சமில்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, இது ஆகாத காரியம் என்கிற மாதிரி சும்மா உட்கார்ந்தாள். இடப்பக்கத்துக்கு வந்த கணவன் வெறுங்கையோடு நின்றான்.

மூக்கக்கா சற்று யோசித்தாள். யோசித்தது பாட்டிலைப் பற்றி இல்லை. பிறகு சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, மடித்த முழங்கையை விரித்து, உள்பக்கம் தெரியும்படி ஓர்ப்படியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என் கையை மோந்துக்கோ."

ஓர்ப்படி குனிந்தாள். அவள் மூச்சு தோலில் பட்டது. மூக்கக்கா கையை இழுத்துக்கொள்ளாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அடிக்குது?" என்று கேட்டாள்.

"சோப்பு." ஓர்ப்படி இன்னொரு முறை இழுத்தாள். "ஈரத் துணி. கொஞ்சம் வேர்வை."

"நாறுதா?"

ஓர்ப்படி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்தக் காலைக் குளியலும் மாலைக் குளியலும், எல்லோரையும் விட்டு ஒதுங்கி நிற்பதும் எதற்கென்று புரிந்தது போலிருந்தது. மறுபடியும் குனிந்து, அவசரப்படாமல், பாட்டிலை முகர்கிற அதே கவனத்தோடு ஒரு முறை முகர்ந்து பார்த்தாள்.

"இல்லக்கா" என்றாள். "நாறல. அடுத்ததை எடுங்க."

மூக்கக்கா ஒரு கையை அங்கேயே நீட்டி வைத்துக்கொண்டு, மறு கையால் குவியலிலிருந்து அடுத்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.